நவுனிவாய்ப் பெண்கள் படித்தவர்களே

அனுப்புநர்:
உனைசி ரடிகெதே,
செயலாளர், மகளிர் குழு,
நவுனிவாய் கிராமம், ஃபிஜி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
தீவுப் பகுதிக் கல்வி அலுவலகம்.

பொருள்: கணக்கெடுப்பில் எங்கள் ஊர்ப் பெண்களின் படிப்பு தவறாகப் பதிவானது – திருத்தக் கோருதல் – பயிற்சி வகுப்பைத் திரும்ப வழங்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தாங்கள் அனுப்பிய நாற்பது அரிச்சுவடிகளும் நாற்பது பென்சில்களும் சென்ற செவ்வாய்க்கிழமைப் படகில் நனையாமல் வந்து சேர்ந்தன. மிக்க நன்றி. எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன படித்திருக்கிறார்கள் என்று ஓர் அரசு அலுவலகம் கேட்டதே இதுதான் முதல் முறை. அதற்கும் சேர்த்து நன்றி.

2. ஆயினும் அவை "எழுத்தறிவற்ற நாற்பது பெண்களுக்கு" என்று தங்கள் கடிதத்தில் கண்டு திகைத்தோம். அந்த நாற்பது பேரில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் பதினேழு பேர். செவிலியர் படிப்பு முடித்தவர்கள் இருவர். நானே இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

3. கணக்கெடுக்க வந்தவர் எங்கள் ஊர் அபாகுகி. தங்கமான மனிதர். கொட்டும் மழையில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். ஆனால் இவ்வூரில் பிறந்த பெண்கள் அனைவருக்கும் அவர் உடன்பிறந்தான் முறை. எங்களில் பெண்கள் உடன்பிறந்தானிடம் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. அவர் சுவரைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் பாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பதில் வராத கட்டத்தில் கோடு போட்டுவிட்டார்.

4. வாழ வந்த பெண்களுக்கோ அவர் கேலி முறை. கேலி பேசாமல் அனுப்பினால்தான் மரியாதைக் குறைவு. "என்ன படிச்சிருக்கீங்க அண்ணி?" என்று அவர் கேட்க, கெலெரா, "உங்க அண்ணன் மூஞ்சியப் படிக்கவே எனக்கு ஆறு வருஷம் ஆச்சு கொழுந்தனாரே! அத எழுதிக்கோங்க" என்றாள். "அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லியே அண்ணி" என்று அங்கேயும் கோடு. மேற்சொன்ன செவிலியர் இருவரில் கெலெரா ஒருத்தி. சிரித்த சிரிப்பில் உண்மையைச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. ஆகவே தவறில் எங்களுக்கும் பங்குண்டு.

5. இதைச் சிரித்தே மறந்திருப்போம். தோரிகாவை நினைத்துத்தான் முடியவில்லை. ஐந்து ஆண்டுகளாகப் பாலர் பள்ளியை நடத்தி வருபவள் அவள். அவளிடம் பயிற்சிச் சான்றிதழ் இல்லாததால் அடுத்த ஆண்டு முடிவில் பள்ளியை மூட உத்தரவு வந்துள்ளது. அந்தச் சான்றிதழுக்கான வகுப்பு எங்கள் ஊரில் தொடங்குவதாக இருந்தது. தகுதியுள்ள பெண் ஒருவர்கூட இல்லை என்று இப்போது அது வேறு தீவுக்குப் போய்விட்டது. கைக்குழந்தைக்காரி, வகுப்பு நடக்கும் எட்டு மாதமும் அங்கே போய் எப்படித் தங்குவாள்? தன் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை என் கையில் கொடுத்து, "டீச்சர், இது செல்லாதா?" என்று கேட்டாள். அன்றிரவே இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

6. பதினேழு சான்றிதழ்களின் நகல்களும் இத்துடன் உள்ளன. அருள்கூர்ந்து வகுப்பை எங்களுக்கே திருப்பித் தர வேண்டுகிறேன். அடுத்த முறை வேற்றூர்க்காரர் ஒருவரை, முடிந்தால் பெண் ஒருவரை அனுப்புங்கள். அபாகுகியைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவரிடமே சொல்லித் திருத்தியிருக்கலாம்தான். எனக்கும் அவர் உடன்பிறந்தான் முறை ஆயிற்றே. முறைப்படி யங்கோனா பானத்துக்கான வேர்க்கட்டைக் காணிக்கையாக முன்வைத்துத்தான் தங்களிடம் கேட்டிருக்க வேண்டும். காகிதத்தில் கேட்பதைப் பொறுத்தருள்க.

7. தாங்கள் எழுத்தறிவற்றோர் எனக் குறித்த நாற்பது பேரும் கீழே ஒப்பமிட்டுள்ளோம். முதல் கையெழுத்து தோரிகாவுடையது. கைநாட்டு ஒன்றுகூட இல்லை.

இடம்: நவுனிவாய்
நாள்: 14.10.2019

நன்றி மறவாத,
உனைசி ரடிகெதே
(ஒப்பங்கள்: இரண்டு பக்கங்கள்)