கல்லுக்கு அடியில் குடி வந்தவர்கள்

அன்பு மகள் மீரிமுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், ஆடுகளும் குதிரைகளும் சுகம், சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி நாஸிக்கும் நோவோசிபிர்ஸ்க்கில் குறையில்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனை அப்பா பாதியில் பிடுங்கி, அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு, நீ பதில் சொல்வதற்குள் வைத்துவிடுகிறார். இதுவோ நீளமான விஷயம்.

முதல் வகுப்பில் படிக்கும்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா. வகுப்புப் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போய் ஒரு கல்லை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். அடியில் மூன்று வால் முளைத்த தட்டைப் பூச்சிகள் அங்குமிங்கும் ஓடின, பக்கத்திலேயே மணலை ஒட்டி ஒட்டிக் குழாய் மாதிரி வீடு கட்டி அதற்குள் சில புழுக்கள் குடியிருந்தன. மற்றப் பிள்ளைகள் சீ என்று பின்வாங்கினார்கள். நீ மட்டும் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆறு இவ்ளோ வேகமா ஓடுதே, இதுங்க மட்டும் எப்படிம்மா அடிச்சிட்டுப் போகாம இருக்கு?" என்று கேட்டாய். தட்டையான உடம்பு, கொக்கி மாதிரிக் கால், கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும், சாப்பாட்டைத் தண்ணீரே கொண்டுவந்து கொடுத்துவிடும் என்று சொன்னேன். இந்த வருஷம் அதே கேள்வி வேறொருத்தி வாயிலிருந்து வந்தது. உன்னோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்தே என்னிடம் திட்டு வாங்குவாளே, புருல், அவள்தான்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வசந்தத்தில் பனி உருகிப் பெருக்கெடுக்கும்போது எந்த அழுக்கும் கண்ணுக்குத் தெரியாது. கோடையில் தண்ணீர் இறங்கியதும்தான் வண்டவாளம் வெளியே வந்தது. பாலத்துக்குக் கீழே கல்லெல்லாம் வழவழவென்று பாசி, ஓரங்களில் சோப்பு நுரை, மத்தியான வெயிலில் ஒரு வாடை. நம் ஆறுதான் கீழூருக்கு வாய்க்காலாகப் போகிறது, அங்கே அதைத்தான் குடிக்கிறார்கள். கீழூர்ப் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து பள்ளியையே சில நாள் மூடினார்கள். சந்தையில் கீழூர்ப் பெண்கள் நம்மைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உன் சோனுன் அத்தைக்கு அது பொறுக்கவில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்ப்பதால் ஊர் முழுக்க அவள் குரல் போகும், இரண்டு மூன்று நாளில் ஆற்றுக் குழு என்று ஒன்றைச் சேர்த்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை அஷார் என்று சொல்லி, வீடு கட்டக் கூடுவது போலவே வீட்டுக்கு ஓர் ஆள் ஆற்றங்கரைக்கு வந்தோம். பாட்டில்கள், குழந்தைகளுக்குக் கட்டி எறிந்த டயப்பர்கள், என்ஜின் எண்ணெய் டப்பாக்கள், யார் வீட்டுக் கதவோ ஒன்று, எல்லாம் டிராக்டரில் ஏறின. அப்பா தன் பழைய ரப்பர் பூட்ஸ் ஒன்றைக் கண்டெடுத்து, காணாமல் போனதை ஆறுதான் திருடி வைத்திருந்ததா என்றார். நீங்க வீசினதை அது பத்திரமா வெச்சிருந்திருக்கு அண்ணே, இன்னொரு காலையும் கேட்டுப் பாருங்க என்று அத்தை சொன்னாள்.

சுத்தம் செய்த பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கார் கழுவக் கூடாது, கம்பளம் துவைக்கக் கூடாது என்று பாலத்தடியில் பலகை வைப்பதாக முடிவானது. கார் என்றதும் ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள், கம்பளம் என்றதும் எல்லோரும் புருலைப் பார்த்தார்கள். பாலத்துக்குக் கீழே கற்களின் மேல் கம்பளத்தை விரித்து, சோப்புத்தூள் போட்டு, பூட்ஸ் காலால் மிதித்துத் துவைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அவள் வீட்டுக்காரன் மாஸ்கோவுக்குப் போய் முதல் வருஷம் பேசினான், இப்போது அதுவும் இல்லை. புருல் எழுந்து, கம்பளம் உங்களோடது, அழுக்கும் உங்களோடது, நுரை மட்டும் என்னோடதா என்று கேட்டாள். கூட்டத்தில் இருந்த அத்தனை வீட்டுக் கம்பளமும் அவள் மிதித்ததுதான், நம் வீட்டு நடுக்கூடத்துக் கம்பளமும் சேர்த்து. ஆனாலும் கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் மேலே போயின. வெளியே வரும்போது வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, பள்ளியில் டீச்சரை அக்கா என்று கூப்பிட்ட பழக்கத்தில் இன்னும் எஜே என்றுதான் கூப்பிடுகிறாள், எஜே நானும் மாஸ்கோவுக்குத்தான் போகணும், பாத்திரம் கழுவ ஆள் கேக்கறாங்களாம், பொண்ணுங்க ரெண்டையும் மாமியார்கிட்ட விட்டுட்டுப் போறேன் என்றாள். சின்னவளுக்கு நாஸிக் வயசுதான்.

அடுத்த வாரம் துலோ விருந்து வைத்தோம். ஆறு சுத்தமானதற்கும் நல்ல மழைக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளலாம் என்று, எப்போதும் வைக்கிற அதே பாலத்தடியில், ஆடு அறுத்து அண்டா ஏற்றி ஊரே உட்கார்ந்தது. நான் அடுப்புப் பக்கம் போர்சோக் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தேன். மருமகள்கள் எல்லாம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தட்டில் குடலும் இரைப்பையுமாக ஆற்றில் இறங்கிச் சாணியை அலசி விட்டுக்கொண்டிருந்தார்கள். நீயும் கல்யாணமாவதற்கு முன் எத்தனை விருந்துக்கு அப்படி அலசியிருக்கிறாய். ஓடுகிற தண்ணீரில் கழுவாத குடலை விருந்தாளிக்கு வைத்தால் அவமானம் அல்லவா, அதனால் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. தலைக்கு மேலே புதுப் பலகை பளபளவென்று நிற்கிறது. அந்த நேரம் பார்த்து, துவைத்து முடித்த கடைசிக் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு புருல் பாலத்தில் வந்தாள். நின்று கீழே பார்த்தாள். "ஏன் சோனுன் எஜே, என் கம்பளத்துல வர்றதுதான் அழுக்கு, ஆட்டுக் குடல்ல வர்றது பன்னீரா?" என்றாள். கையில் கத்தியோடு அத்தை அப்படியே நின்றுவிட்டாள்.

அது அதோடு முடியவில்லை. இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போதே கீழூரிலிருந்து கெனென்பாய் குதிரையில் வந்தார். வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற பெரியவர், எப்போதும் வெள்ளை உரோமத் தொப்பி போட்டிருப்பார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மதகுக் கம்பியில் சிக்கிய ஒரு முழம் குடல். இறங்காமலே அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "வர முடியாதவங்களுக்குப் பங்கு அனுப்பினீங்க, வந்து சேர்ந்துச்சு, ரொம்ப நன்றி. எங்க ஊர்ல வேக வெச்சு அனுப்பறதுதான் வழக்கம்" என்றார். முதலில் சிரித்தது உன் அப்பா. பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் சிரித்தார்கள், பாலத்தில் நின்ற புருலும் சிரித்தாள், கடைசியில் முகமெல்லாம் சிவந்து அத்தையும் சிரித்தாள். அவளே போய்க் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்து அவரை இறக்கி, பெரியவர்களுக்கான முதல் இடத்தில் உட்கார வைத்தாள், புருலையும் கீழே கூப்பிட்டாள். சாப்பிடும்போது அவர் விளையாட்டை விட்டுவிட்டார். மருமகள் நிறைமாதம், குடிக்கிற தண்ணீருக்கு மலை ஊற்று வரைக்கும் கேன் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று சொன்னார். அவர் எந்தக் குரலில் சொன்னாரோ, அதற்கப்புறம் யாரும் தொடை எலும்பைக் கடிக்கவில்லை.

வாத்தியார் புத்தி எங்கே போகும், சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் ஆற்றில் இறக்கினேன். பாலத்துக்கு முன்னால், தண்ணீர் வருகிற மேல்பக்கத்தில் ஆளுக்கொரு கல் எடுத்துத் திருப்பச் சொன்னேன். ஒவ்வொரு கல்லிலும் மூன்று வால்காரர்கள், மணல் வீட்டுக்காரர்கள், ஊர்த் திருவிழா மாதிரிக் கூட்டம். பாலத்துக்குக் கீழே வந்து திருப்பச் சொன்னேன். பாசி, அதில் நெளிகிற சிவப்பு நூல்புழு, வேறு யாரும் இல்லை. இது சோப்பாலா குடலாலா என்று அத்தை கேட்டாள். அதைக் கல் சொல்லாது சோனுன், வீட்டில் மாவு குறைந்தால் எந்த எலி தின்றது என்று மூட்டையா சொல்கிறது என்றேன். புருல் மேல்பக்கத்துக் கல் ஒன்றைக் கையிலேயே வைத்திருந்தாள். உன் கேள்வியை அப்படியே கேட்டாள், உனக்குச் சொன்ன பதிலையே அவளுக்கும் சொன்னேன். உனக்குச் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் கெட்டுப்போனால் இவை தாங்காது, சில செத்துப்போகும், சில பிடியை விட்டுத் தண்ணீரோடு போய்விடும் என்றேன். "அப்ப நானும் பிடியை விட்டுட வேண்டியதுதான், இல்லையா எஜே" என்றாள், மெதுவாக, கல்லைப் பார்த்துக்கொண்டே. எனக்கு முன்னால் அத்தை முந்திக்கொண்டாள். "எங்கடி போற நீ. நீ போனா என் கம்பளத்தை எவ மிதிப்பா, இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நானா?" என்றாள். பேச்சு முரடாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான் பார்த்தேன்.

பழைய கூட்டுப்பண்ணை டிராக்டர் கொட்டகை இருக்கிறதே, ஆற்றிலிருந்து தள்ளி மேட்டில், அதன் சிமெண்டுத் தளம் இன்னும் உடையாமல் கிடக்கிறது. புருல் அங்கே கம்பளம் துவைக்கட்டும் என்று மறுபடி ஒரு அஷார் போட்டு அதைத் தேய்த்துக் கழுவி, மேல் வாய்க்காலிலிருந்து குழாய் இழுத்து, ஓர் ஓரமாகச் சரிவு வைத்து, அழுக்குத் தண்ணீர் இறங்க ஆழமாகக் குழி வெட்டிச் சரளைக்கல் நிரப்பினோம். குழியைச் சுற்றி அப்பா வில்லோக் குச்சிகள் நட்டிருக்கிறார். கீழூரிலிருந்து கெனென்பாய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார். குடல் விஷயத்தில்தான் கிழவிகள் பிடிவாதம் பிடித்தார்கள், தேங்கின தண்ணீரில் கழுவினால் வாயில் வைக்க மாட்டோம் என்று. அதற்கும் புருலே வழி கண்டாள். ஓடற தண்ணிதானே வேணும், குழாய்லயும் தண்ணி ஓடத்தானே செய்யுது, எங்க தளத்துக்கு வாங்க என்றாள். இப்போது விருந்து வீட்டு மருமகள்கள் எல்லாம் தட்டோடு அவளிடம் வருகிறார்கள், குழாயடியில் ஊர்க்கதை முழுவதும் நடக்கிறது, கம்பளமும் கூடவே வருகிறது. அவள் மாஸ்கோப் பேச்சை விட்டுவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். மார்கழி வந்தால் குழாய் உறையும், அதற்கு இன்னும் வழி யோசிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் காரை ஆற்றில் இறக்குகிறவர்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள், அத்தை அவர்கள் வீட்டுத் தபாலைக் கடைசியில்தான் கொடுக்கிறாள். அப்பா வீட்டிலேயே வாளியில் தண்ணீர் மொண்டு காரைத் துடைக்கிறார், கல்யாணம் ஆன நாளிலிருந்து உனக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை என்று என்னிடம் புலம்பல்.

போன வாரம் பாலத்தின் பக்கம் போனேன், காற்றில் பாப்ளர் இலை கொட்டிக்கொண்டிருந்தது. கீழே புருல் தனியாக முட்டி வரை தண்ணீரில் நின்றிருந்தாள், கம்பளமும் இல்லை, சோப்பும் இல்லை. என்னைப் பார்த்ததும் ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினாள். "எஜே, வீடு கட்டிக் குடி வந்துட்டாங்க" என்றாள். நான் ஆற்றில் இறங்கிப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மைதான். பாலத்துக்குக் கீழே, அவள் இத்தனை வருஷம் மிதித்த அதே இடத்தில், மணலை ஒட்டி ஒட்டிச் சின்னதாக ஒரு வீடு, பக்கத்தில் இன்னொன்று. அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே, பதமாக வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் கை விறைக்க நின்றிருந்தோம், எனக்கு ஒரு குறையும் இல்லாத மாதிரி இருந்தது.

நாஸிக்கின் காதை மூடாமல் வெளியே விடாதே, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பக்கத்து வீட்டு ஜானார் அடுத்த மாதம் அங்கே வருகிறாள், அவளிடம் காய்ந்த தயிர் உருண்டையும் நம் கொட்டகைக் குழாயில் புருல் துவைத்துக் கொடுத்த சின்னக் கம்பளமும் அனுப்புகிறேன், குழந்தையை அதில் விளையாட விடு. நானும் அப்பாவும் கை விரித்து உங்களுக்காக வேண்டிக்கொள்கிறோம், உங்கள் பாதை திறந்திருக்கட்டும், அடுப்பு அணையாமல் இருக்கட்டும், எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் பிடி நழுவாமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை ஓடுகிறது என்று சொன்னாயே, அது உறைவதற்கு முன்னால் நாஸிக்கைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கல்லைத் திருப்பி அடியில் யார் இருக்கிறார்கள் என்று பார், பார்த்துவிட்டு அதே இடத்தில் அதே மாதிரி வை.

உன் அம்மா,
கான்ஷாயிம்