சவப்பெட்டி யாவாரியின் மெஷின்

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், 1984

எங்கள் டெலிபோன் ஆபீசுக்குத் தானாகவே லைன் போடும் மெஷின் வரப்போகிறது. இனி என்னைப் போல ஆபரேட்டர் வேண்டாமாம். இடம் பார்க்க வந்த இன்ஜினியர் டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இதக் கண்டுபிடிச்சது அமெரிக்காவுல ஒரு சவப்பெட்டி யாவாரி, தெரியுமாக்கா? அந்த ஊரு ஆபரேட்டரம்மா புருஷனுக்கும் அதே யாவாரம். தனக்கு வார போனையெல்லாம் அவ புருஷனுக்குத் திருப்பி விடுதாள்னு சந்தேகப்பட்டு, ஆபரேட்டரே வேண்டாம்னு மெஷின் செஞ்சுட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் லைனில் வந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி வழக்கம்போல, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்பர் சொன்னார். இன்று என்னிடம் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். மெஷின் வந்தால் அதுவும் இல்லை.

அந்த அமெரிக்காக்காரி நிஜமாகவே போனைத் திருப்பி விட்டாளோ என்னவோ. திருப்பி விட அவளுக்கு ஒருத்தன் இருந்திருக்கிறான்.