கூடையில் கட்டிய பெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு, கொழும்பிலிருந்து சுமன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வேலையில் புதிதாக ஒன்று படித்தேன். முன்பெல்லாம் கணினித் திரை கேட்டால்தான் சேர்வர் என்ற மையக் கணினி பதில் சொல்லும். இப்போது இணைப்பைத் திறந்தே வைத்தால், கேட்காமலே உடனுக்குடன் சொல்லிவிடும். கங்காணி உங்கள் கொழுந்துக் கூடைகளில் கட்டிய பெட்டி, நீங்கள் அசைவதை அப்படி உடனே சொல்வதற்குத்தான். நேற்று முதன்முதலாக ஓட்டிப் பார்த்தோம். திரையில் ஒரு பெயர் சிவந்தது: 'வீரம்மா, ஆறு நிமிடமாக அசைவில்லை.'

"ஒரு செக்கன்கூட பிந்தலயே சுமன்!" என்று மேலாளர் தோளில் தட்டினார். அது என் அம்மா என்று நான் சொல்லவில்லை.

தலவாக்கலையிலிருந்து யாராவது வந்தால் மாசிச் சம்பல் கொடுத்தனுப்புங்கள். இனி உட்காரும்போது பெட்டியை அவிழ்த்து, பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் தனுஜா அக்காவின் கூடையில் போட்டுவிடுங்கள். அந்தப் பெட்டியைச் செய்தது நான்தான் என்று லயத்து வீடுகளில் யாருக்கும் சொல்லாதீர்கள்.

அவசரத்தில்,
உங்கள் மகன்