பதினான்கா, இருபதா?

என் ஆசை அண்ணா,

அலுத்துப்போய் எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு பூன் லே வீட்டை அண்ணி காலி செய்கிறார். பூஞ்சை பிடிக்காமலிருக்க நீ கண்ணும் கருத்துமாகப் பூட்டி வைத்த பெட்டியில் உன் கேமராவின் இரண்டு லென்ஸ்களும் அப்படியே இருக்கின்றன. "ஒண்ணு உனக்கு, ஒண்ணு என் தம்பிக்கு. நீயே மொதல்ல எடுத்துக்கோம்மா," என்றார் அண்ணி.

பதினான்கு மில்லிமீட்டரா, இருபதா? தேக்கா டீக்கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை நாம் போட்ட சண்டைதான். இப்போது எதிர்த்துப் பேச ஆளில்லை. ஜெயித்து என்ன பயன், சொல்?

இருபது அடக்கமானது, கனமில்லை, ஃபில்டர் மாட்டலாம். உன் பதினான்கோ அதைவிட அகலமாக வாரி எடுக்கும்; அதற்கு வானமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், கரையும் வேண்டும். முன்னால் ஒரு கல்லோ வேரோ இல்லாவிட்டால் படம் வெறும் பொட்டல். அந்தக் கல்லுக்காக மண்டியிட வேண்டும். என் முழங்காலைக் கேட்டால் இருபது என்றுதான் சொல்லும்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று நேற்றுக் காலை இரண்டையும் கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குத் தூக்கிப்போனேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி உயிர் போய்விட்டது. இருபதில் எடுத்த படங்கள் பழுதில்லை. பிறகு பதினான்கை மாட்டினேன்.

ஞாபகமிருக்கிறதா? இதை மாட்டி நான் எடுக்கும்போது பக்கத்தில் நீ நின்றால் போதும், படத்தின் இடது மூலையில் உன் செருப்பு வந்து விழும். "தள்ளுண்ணா, கால் தெரியுது!" என்று கத்துவேன். "இன்னும் எங்கடி தள்ளுறது, தண்ணிக்குள்ளயா?" என்பாய். அப்படியும் ஒரு கட்டைவிரலாவது மிஞ்சும். வீட்டுக்கு வந்து அதை வெட்டியெறிவேன்.

நேற்றும் பழக்கதோஷத்தில் "தள்ளுண்ணா" என்று சொல்லிவிட்டேன். அருகில் தூண்டில் போட்டிருந்த தமிழர் ஒருவர், "சாரிம்மா, பாக்கல லா," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். அவர் படத்துக்குள் வரவே இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில் ஈரமண் மட்டும்தான். இத்தனை வருடம் நான் கேட்ட சுத்தமான மூலை இதுதான், அண்ணா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருபது அண்ணியின் தம்பிக்குப் போகட்டும். அதில் நீ நிற்கும் இடம் வரவே வராது. பதினான்கை நான் வைத்துக்கொள்கிறேன். முழங்கால் என்ன பாடுபட்டாலும் சரி, இனி அந்த மூலையை வெட்டமாட்டேன். இது சத்தியம்.

உன்னை எப்போதும் தள்ளிப்போகச் சொன்ன,
உன் தங்கை