அறுபது சதவீதத் தீனி

மார்ச் 3, திங்கள்

ஆய்வகத்தில் எலிகளை எடை போட்டோம். எல்லாக் கூண்டுக்கும் கட்டி வரவைக்கும் மருந்து ஒன்றுதான், தீனிதான் வேறு. பாதிக் கூண்டுகளுக்கு இஷ்டம்போலத் தீனி. மீதிக்கு அதில் அறுபது சதவீதம், அதுவும் குட்டியிலிருந்தே. குறைத்துத் தின்றவற்றுக்குக் கட்டி பாதிகூட இல்லை.

கூண்டு கழுவும் மணிமாறன் ஒட்டன்சத்திரத்துக்காரர். "ஏனுங்க மேடம், இதுகளுக்கும் தவக்காலமுங்களா?"

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். மார்பில் கட்டியை எடுத்து, இரண்டு கீமோ ஊசி முடித்து உட்கார்ந்திருப்பவளிடம்.

"பட்டினி போட்டா கட்டி வளராதா?"

"எலிக்கு வளரலம்மா." பெருமையாக வேறு சொன்னேன்.

மார்ச் 5

சாம்பல் புதன். அம்மா ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடாம். நோயாளிக்கு விலக்கு உண்டென்று சாமியார் பூசையிலேயே சொன்னார். "அவரு சொல்லத்தான் செய்வாரு" என்கிறாள்.

மார்ச் 11

தினமும் ஒருசந்தி. அந்த ஒரு வேளையிலும் பாதி தட்டிலேயே கிடக்கிறது. கேட்டால், வாய் கசக்குதாம்.

மார்ச் 17

மூன்றாவது ஊசி போடவில்லை. நாற்பத்தைந்து கிலோ இருந்தவள் நாற்பத்தொன்று. டாக்டர் என்னிடம் கேட்டார்: "படிச்ச பிள்ளைதான நீ? அம்மாவுக்கு என்ன சாப்பிடக் குடுக்குற?" நாற்பத்து மூன்று கிலோவாவது வந்தால்தான் ஊசியாம். ரொம்பத் தள்ளிப்போனால் நோய் திரும்பலாம் என்றார்.

பஸ்ஸில் கேட்டேன். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீதான சொன்ன, எலிக்கு நல்லாருக்குன்னு."

நான்தான். வேற யாரு? நான்தான் சொன்னேன்.

மார்ச் 18

குறைத் தீனி எலிகளுக்குச் சத்து குறையக் கூடாதென்று வைட்டமின் கலந்துதான் கொடுக்கிறோம். அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு. ஸ்பின்னிங் மில்லில் பதினெட்டு வருடம் நின்றாள் அம்மா. அரைமணி நேரச் சாப்பாட்டு இடைவேளை, அதிலும் பாதியில் மெஷினுக்கு ஓட வேண்டும். வீட்டில் அப்பா, தம்பி, நான் தின்ற மிச்சம்தான் அவளுக்கு. அதுக்கு எந்த வைட்டமின் கலந்தானுங்க? வயிறு காய்ந்தால் கட்டி வராதென்றால் இவளுக்கு வந்திருக்கவே கூடாது. இல்லாதவள் பட்டினி வேறு, ஆய்வகத்துப் பட்டினி வேறு. இதை எந்தக் கட்டுரையில் எழுதுவது?

மார்ச் 19

உட்காரவைத்துச் சொன்னேன். "ஏம்மா, அது நோய் வர்றதுக்கு முன்னாடி. குட்டியிலேர்ந்தே குறைச்சது. வந்தப்புறம் நீ பட்டினி கெடந்தா ஒடம்புதான் போகும். ஊசி தாங்காது."



"அப்ப எனக்கு லேட்டு."

"ஆமா."

"முன்னாடியே சொல்றதுக்கென்னடி?" என்றாள். பிறகு முட்டை கேட்டாள். தவக்காலத்தில், அம்மா, முட்டை. இரண்டு அவித்தேன்.

மார்ச் 24

நாற்பத்திரண்டு. இன்றும் ஊசி இல்லை.

மார்ச் 29

மத்தியானம் அம்மா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதிதான் சோறு. நேற்றும் அப்படித்தான். மணிமாறன் எட்டிப் பார்த்து, "அறுபது பர்சண்டுங்களா?" என்றார். சிரிக்கத் தோன்றவில்லை. உலை வைக்கக்கூட முடியவில்லையோ, சொல்லாமல் மறைக்கிறாளோ என்று பயந்துபோய் அரைநாள் லீவு போட்டு ஓடினேன்.

அம்மா சோறு தின்றுகொண்டிருந்தாள். தட்டு நிறைய, முட்டைப் பொரியல் வெஞ்சனத்தோடு.

"எனக்கு மட்டும் ஏம்மா பாதி?"

"ஒனக்கு இன்னும் வரலைல்ல. முன்னாடியே கொறைக்கணும்னு நீதான சொன்ன. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு, எனக்கும் வந்துருச்சு." கை சோற்றில் அப்படியே நின்றது. "நீ குட்டிதான இன்னும்."

இருபத்தாறு வயது எனக்கு. அது எலி, நான் மனுசி என்று கத்தினேன். அவள் மறுசோறு போட்டுக்கொண்டாள்.

மார்ச் 31

நாற்பத்து மூன்று கிலோ இருநூறு கிராம். ஊசி ஏறிவிட்டது. மூன்று மணி நேரம், வாந்தி இல்லை.

சாயங்காலம் எனக்கு இரண்டு இட்லி வைத்தாள். நான் சட்டியிலிருந்து இன்னும் இரண்டு எடுத்தேன். அம்மா என் தட்டிலிருந்து ஒன்றைத் திருப்பி எடுத்து, சட்னியில் தோய்த்து, அவளே தின்றாள்.