காய்ச்சல் விட்ட பிறகு

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஸ்பிரிட் வாசனையில் இன்று காலையும் நீ நின்றுகொண்டிருந்தாய். நாற்பதை நெருங்கும் வயதில் நான் மறுபடியும் மாணவி. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இதே மருத்துவமனையில்தான் இருவரும் நர்ஸாக வேலை பார்த்தோம். பணி முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினால், காவிரிப் பாலம் வருவதற்குள் பேச்சு மேற்படிப்பில் வந்து நிற்கும். பி.எஸ்சி. முடித்த நமக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று நீ விசாரித்து வைத்திருந்தாய். எம்.எஸ்சி. முடித்தால் கல்லூரியில் பாடம் நடத்தலாம். சமூக சுகாதாரப் பிரிவை எடுத்தால் கிராமங்களுக்குப் போகலாம். மருத்துவமனை நிர்வாகம் என்றால் மேசை, நாற்காலி. எனக்குக் கல்லூரி வேலை மீதுதான் ஆசை. கால் வலிக்காத மாலைகள் வேண்டும் எனக்கு.

உனக்கோ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு மட்டும்தான். தீவிர சிகிச்சையில் வேலை செய்துகொண்டே படிக்கும் முதுகலை அது.

"படிச்சிட்டு திரும்பவும் இதே பெட்டுக்கிட்டதான நிக்கப் போற?" என்றேன்.

"நிக்கிறது அதே இடம்தான்டி. ஆனா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு நிப்பேன்ல."

இடம் கிடைத்தது. சேர்வதற்குள் உனக்கு டெங்கு வந்துவிட்டது. நம் பிரிவிலேயே, ஜன்னலோரப் படுக்கையில் கிடந்தாய். காய்ச்சல் இறங்கியபோது உன் அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சரியாயிடுச்சுல்ல?" என்று கேட்டார். அவர் வெளியே போனதும் என் கையைப் பிடித்தாய். உன் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"காய்ச்சல் விட்டப்புறம்தான்டி பயமே. பிரஷர் பாரு. டாக்டரைக் கூப்பிடு."

கூப்பிட்டேன். உடனே வந்தார். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள். உன் உடம்புதான் கேட்கவில்லை. என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிந்திருந்தது. கண்களில் அதை நீ மறைக்கவும் இல்லை. மறுநாள் மதியம் அந்தக் கண்களை மூடியவள் நான்.

அடுத்த வருடம் உன் படிப்பில் சேர்ந்தேன். உன் ஆசையை நிறைவேற்றுகிறேன் என்று சிலர் பாராட்டினார்கள். அது அப்படியல்ல. அந்த ஜன்னலோரத்தைக் கடக்கும்போதெல்லாம் நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். ஒன்றும் புரியாமல் அங்கே இன்னொரு முறை நிற்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

போன வாரம் அந்தப் படுக்கைக்கு முசிறியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் டெங்கு.

"காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர். வீட்டுக்குப் போயிடலாம்ல? வாழைத்தார் வெட்டுற நேரம்" என்று சிரித்தாள்.

அவள் பாதத்தைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. பிரஷர் பார்த்தேன். டாக்டரை அழைத்து, என்ன நடக்கிறது, என்ன தேவை என்று தடுமாறாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் தோளுக்குப் பின்னால் நீ மூச்சு விடுவது கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மாலைக்குள் அவள் கால்களில் சூடு திரும்பியது.

நேற்று அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து கேட்டாள்.

"உங்க பேரு என்ன சிஸ்டர்? எங்க வீட்டுல சொல்லணும்."

வாய் திறந்தேன். உன் பெயர்தான் வந்தது.

நான் திருத்தவில்லை.