கரகம் முதலில் நிற்கும் வாசல்

2008, ஆடி வெள்ளி இரவு

சாயந்திரம் அம்மன் கோயில் கூட்டத்தில் எதிர்வீட்டு ஏழுமலை பிரின்ட் எடுத்த ஒரு தாளை நீட்டினார். திருவிழாவில் கரகம் முதலில் அவர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டுமாம். "இன்டர்நெட் கலைக்களஞ்சியத்துலயே போட்டுக்கிது. கவர்மென்ட்டு எழுதினதுபா!" என்றார். கூட்டமே அந்தத் தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. இந்த ஒரு விஷயத்துக்காக வருஷா வருஷம் மண்டை உடைகிற ஊர் இது.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறவள் நான். "அது அரசாங்கம் எழுதறது இல்லைங்க. யார் வேணாலும் எழுதலாம். ஆதாரம் இல்லன்னா யார் வேணாலும் எடுத்தும் விடலாம்" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. ஊர்த் தலைவரையும் இன்னும் சிலரையும் ஐயம்பேட்டை பிரவுசிங் சென்டருக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவர்கள் கண்ணெதிரே அந்தப் பக்கத்தைத் திறந்து, ஏழுமலை வீட்டை அழித்து, எங்கள் வீட்டைப் போட்டேன். சேமித்ததுமே திரையில் வந்துவிட்டது.

இனி அந்தத் தாளைக் கிழித்துப் போடுவார்கள் என்று நினைத்தேன். தலைவர் கடைக்காரரிடம் திரும்பி, "காலைல எத்தன மணிக்குப்பா கடை தொறப்பே?" என்று கேட்டார். அடுத்து அவர் வீட்டைப் போடத்தான் என்று புரிந்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எழுதியதை எடுப்பதற்குள் கரண்ட் வேறு போய்விட்டது.

உலகம் முழுக்க இப்போது எங்கள் வாசல்தான் முதல் வாசல். விடிந்ததும் போய் அழித்துவிட வேண்டும் என்று இவரிடம் சொன்னேன்.

புரண்டு படுத்தவர் சொல்கிறார்: "அழிக்கிறதுக்கு முன்னால ஒரு பிரின்ட் எடுத்துக்கினு வந்துடு."